வாட்டர் சர்வீஸ்

"இனிமே இந்தக் கேட்டைத் தாண்டிச் சாவு உள்ள வராது" என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆனந்தன் பொங்கல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அறிவித்தார். யாரும் சிரிக்கவில்லை, கை தட்டினார்கள். பிணம் லிஃப்டில் ஏறக் கூடாது, பார்க்கிங்கில் ஐஸ் பெட்டி வைக்கக் கூடாது, செத்தவர் எந்த மதமானாலும் நேரே சுடுகாடோ கபர்ஸ்தானோ கல்லறைத் தோட்டமோ போய்ச் சேர்ந்துவிட வேண்டும். திருமுல்லைவாயிலில் இப்படியொரு மத நல்லிணக்கம் வேறெந்தக் குடியிருப்பிலும் கிடையாது. எமனுக்கு நகல் அனுப்பினார்களா என்பதுதான் தெரியவில்லை.

மாசி மாதம் முகமது ஆசிக்கின் அத்தா விதியை மீறினார். நான்காவது மாடியில், சொந்தக் கட்டிலில், செத்துப்போனார்.

மய்யத்தைக் குளிப்பாட்ட வேண்டும். பள்ளிவாசலிலிருந்து பலகையும் வந்துவிட்டது. அந்த ஃப்ளாட்டின் குளியலறையில் ஆள் நின்று சோப்புப் போடுவதே சர்க்கஸ்; படுக்கவைப்பது எங்கே? பார்க்கிங்கில் ஒரு மூலையை அரை மணி நேரம் கேட்டான் ஆசிக். ஆனந்தன் சிரித்தார். "என்ன பாய், இது அபார்ட்மெண்டா, வாட்டர் சர்வீஸ் கடையா?" கூட நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் எந்த மாடி என்று ஆசிக்குக்கு இன்றைக்கும் தெரியும்.

படி வழியாகத் தூக்கி இறக்கினார்கள். பக்கத்துக் காலி மனையில், நெருஞ்சி முள்ளுக்கு நடுவே, நான்கு பேர் போர்வை பிடிக்க, குளிப்பாட்டல் நடந்தது. காற்று போர்வையைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும் பால்கனிகளில் தலைகள் தெரிந்தன. மகன் எதிரில்கூடச் சட்டையைக் கழற்றாத மனிதர் அவர்.

அன்றிலிருந்து ஆனந்தனைப் பார்த்தால் ஆசிக் தவறாமல் "குட் மார்னிங் சார்" சொன்னான். அவன் சொல்கிற விதத்தில் அதற்குள் ஒரு கெட்ட வார்த்தை சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும்.

ஆனியில் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து பைக்கில் வந்தவன், கேட்டை அடைத்து ஆம்புலன்ஸ் நிற்பதைப் பார்த்தான். உள்ளே ஆனந்தனின் அப்பா சண்முகசுந்தரம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாடு. சொந்தக்காரர்கள் முகம் பார்க்க மட்டும் வெளியில் நிறுத்தியிருந்தார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திறங்கிய ஆனந்தனின் அக்கா வரலட்சுமி, ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள்.

"நீர்மாலை எங்கல எடுக்கணும்?"

"இங்க அதெல்லாம் முடியாதுக்கா. சுடுகாட்டுல பைப் இருக்கு."

"பைப்பா? குளிப்பாட்டி, கோடி உடுத்தி, வீட்டுல இருந்துல்லால எடுக்கணும்? அம்மைக்கு நீதானல கொடம் தூக்கிட்டு வந்த?"

"ரூல் இருக்குக்கா."

"எந்த மூதேவி போட்ட ரூலு?"

காவலாளி கஜபதி முந்திக்கொண்டார். "இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? சாருதான் போட்டாரு."

ஆசிக்குக்குத் தொண்டைவரை சந்தோஷம் வந்தது. பிணத்தைக் குளிப்பாட்டுவது பாய் வீட்டு வழக்கம் என்று சிரித்தவர், தன் வீட்டில் நீர்மாலை என்று குடங்களில் நீர் எடுத்து, மேலே துணி பிடித்து ஊர்வலமாகக் கொண்டுவருவதை மறந்தே போயிருந்தார். சென்னைக்கு வந்தால் அப்படித்தான். முதலில் சொந்த ஊர்தான் மறக்கும்.

"ஆசிக்கு, நீ ஒரு வார்த்த சொல்லு நைனா," என்றார் கஜபதி. "வாணாம்னா கேட்டை மூடிடறேன்."

ஆனந்தன் திரும்பினார். "தம்பி... அரை மணி நேரம்."

"எங்கிட்ட எதுக்கு சார் கேக்குறீங்க? நானா செகரெட்டரி?"

ஆம்புலன்ஸ் ஓரத்துச் சந்தில் பைக்கை நுழைத்து உள்ளே நிறுத்திவிட்டு மேலே போனான். பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

கீழே ஆனந்தன் தன் காரைப் பார்க்கிங்கிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தினார். காலியான இடத்தில் அப்பாவைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். தோளில் குடத்தோடு வந்தார். அக்காவும் மூன்று ஆட்களும் சேலையை விரித்துப் பிடித்தார்கள். பேண்ட்டை முழங்காலுக்கு மடித்து, சிமெண்ட் தரையில் மண்டியிட்டு, அப்பாவின் குதிகால் வெடிப்புகளை விரலால் தேய்த்துக் கழுவினார். ஆனிக் காற்று சேலையை அள்ளி எறிந்தது. அவர் நிமிர்ந்தார். பார்வை மாடி மாடியாக ஏறியது. நான்காவதில் கம்பியைப் பிடித்தபடி ஆசிக் நின்றுகொண்டிருந்தான். நகரவில்லை.

ஆனந்தன் குனிந்து அடுத்த சொம்புத் தண்ணீரை ஊற்றினார்.