கேன்டீன் பெஞ்சுக்கு விழுந்த பூட்டு

இப்போதெல்லாம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எல்லாப் பிள்ளைகளும் ரீல்ஸுக்குள் தலையை விட்டுக்கொள்கிறார்கள். நான் மட்டும் பழைய ஞாபகத்தில் 'கேன்டீன் பெஞ்ச்' பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். படப்பையில் செல்போன் கடை வைத்திருக்கும் ரகு அண்ணன் நடத்துகிற இணையதளம் அது. ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் ரூம் தேடவும், வேலை விசாரிக்கவும், சும்மா வாயடிக்கவும் அங்கே வருவோம். வாட்ஸப் குரூப் என்றால் நம்பர் வெளியே போய்விடும். அப்புறம் கண்ட கழுதையும் 'ஹாய்' அனுப்பும். இங்கே பெயர் மட்டும்தான். அதனாலேயே எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் அதில் இருந்தோம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக யார் சேர்ந்தாலும் பழைய ஆட்கள் இரண்டு பேர், 'இவங்கள எனக்குத் தெரியும், சாட்சி' என்று எழுத வேண்டும். எனக்கு முதல் சாட்சி போட்டவள் சுகப்பிரியா. என் ரூம்மேட், நாங்குநேரிப் பக்கம். ஷிஃப்ட் முடிந்ததும் 'இன்னைக்கு சாம்பார்' என்று தினமும் அவள்தான் பேச்சைத் தொடங்குவாள். ஒவ்வொரு கம்பெனிக்காரரும் தங்கள் கேன்டீன் சாம்பாருக்கு மார்க் போடுவார்கள். "எங்க சாம்பார்ல பருப்பு இன்னைக்கு லீவு" என்று இவள் எழுதினால் போதும், நாலாபக்கமிருந்தும் சிரிப்பு வந்து விழும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம், சொல்வதற்கென்ன.

கூட்டம் பெருகியதும் ரகு அண்ணன் அந்தச் சாட்சி வழக்கத்தை எடுத்துவிட்டார். வந்தது வினை. 'ராக்கெட்' என்ற பெயரில் ஒருவன் நுழைந்து, சுகப்பிரியாவைப் பற்றி வாயால் சொல்லக் கூசுகிறதையெல்லாம் எழுதினான். அவள் புகார் கொடுத்தாள். ரகு அண்ணன் அவன் எந்த ஐபி முகவரியிலிருந்து, அதாவது எந்த நெட் இணைப்பிலிருந்து, வருகிறான் என்று பார்த்து, அந்த முகவரியையே அடைத்துவிட்டார். அங்கிருந்து வந்துபோன எல்லாக் கணக்குகளுக்கும் பூட்டு.

அதில் எங்கள் கணக்குகளும் போயின. சேரப்பணஞ்சேரியில் எங்கள் ஹாஸ்டலும் முன்பக்கத்து ஆண்கள் ரூம்களும் ஒரே வீட்டுக்காரருடையவை. 'வைஃபை உண்டு' என்று போர்டு மாட்டிவிட்டு இரண்டுக்கும் ஒரே கனெக்‌ஷனை இழுத்து விட்டிருந்தார் அந்த மகராசன். வெளியிலிருந்து பார்த்தால் நாங்களும் அந்த நாயும் ஒரே முகவரி.

அவன் என்ன செய்தான் தெரியுமா? செல்போன் நெட்டைப் போட்டுக்கொண்டு வேறு முகவரியில் சாவகாசமாக வந்து, 'சுகப்பிரியா 2' என்று புதுக் கணக்கு தொடங்கினான். 'என் பழைய கணக்க பூட்டிட்டாங்க. ராக்கெட் சொன்னது எல்லாம் உண்மைதான், மன்னிச்சிடுங்க' என்று எழுதினான். இல்லையென்று சொல்ல வேண்டியவள் வாய்க்குப் பூட்டு. அவளும் புதுக் கணக்கில் வரலாம்தான். 'சுகப்பிரியா 3' என்று வந்து நின்றால் எவன் நம்புவான்?

அதை யாரோ படம்பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா இசக்கிதுரை போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வாரேன். துணிமணிய எடுத்து வை" என்றார். போனை வைத்துவிட்டார். கம்பெனியில் பெர்மனென்ட் ஆக்குவதற்கு அவள் பெயரை அனுப்பியிருந்த நேரம் அது.

"நான் போமாட்டேன்ட்டி பூமாரி" என்றாள் சுகப்பிரியா என்னிடம். "நான் என்ன தப்பு செஞ்சேன்?"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. சனிக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பைக்குப் போனேன். ரகு அண்ணன் ஒரு போனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, டிஸ்ப்ளே போச்சா?"

"மானம் போச்சுண்ணே. எங்க ஹாஸ்டலுக்கே பூட்டு போட்டிருக்கீங்க."

"ஒருத்தன் கலீஜா எழுதிகினு இருந்தான். ஐபிய ப்ளாக் பண்ணேன். வேற இன்னா பண்ணச் சொல்ற?"

"பஸ்ஸுல ஒருத்தன் பர்ச அடிச்சா, எல்லாரையும் எறக்கி விட்ருவீங்களா? பர்ச தொலைச்சவளையும் சேத்து எறக்கிட்டீங்க. அவன் அடுத்த பஸ்ஸப் புடிச்சி ஜம்முனு போயிட்டான்."

அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். ஒரே முகவரியில் எங்கள் பெயர்கள் வரிசையாக வந்தன. முகம் செத்துப்போயிற்று மனிதருக்கு.

"ஒரே லைன்ல இத்தினி பேரா? ஏதோ ஒரு வூடுன்னு நெனச்சிட்டேம்மா."

"அந்த ஆளோட கணக்க மூடுங்க. அட்ரஸ அடைக்கணும்னா ஒரு நாள் அடைங்க, அவன் ஆத்திரம் அடங்கட்டும். பழைய மாதிரி சாட்சி இல்லாம எவனையும் உள்ள விடாதீங்க."

"வர்றவனுக்கெல்லாம் சாட்சி பாத்துகினு இருந்தா நான் கடைய எப்போ பாக்குறது?"

"நீங்க ஒண்ணும் பாக்க வேண்டாம். நாங்க பாக்கோம்."

பூட்டைத் திறந்தார், போலிக் கணக்கை அழித்தார். அன்று சாயந்திரம் சுகப்பிரியா எழுதினாள்: 'நான்தான் சுகப்பிரியா. அத நான் எழுதல.' அதன் கீழே நான், 'எனக்குத் தெரியும், சாட்சி' என்று போட்டேன். அடுத்தடுத்து எங்கள் ஹாஸ்டல் பிள்ளைகள் அத்தனை பேரும் போட்டார்கள். பிறகு முகமே பார்க்காதவர்களும் வந்தார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வனமாமலை என்பவர், 'சாம்பாருக்கு நியாயமா மார்க் போடுற பொண்ணு, சாட்சி' என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் அழுதோம்.

மறுநாள் இசக்கிதுரை வந்து ஹாஸ்டல் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. என் போனை அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே, விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிவரை படித்தார்.

"எம்மா, எம் மவ மேல எனக்குச் சந்தேகமே கெடையாது" என்றார். "ஆனா ஊருல அதப் படிச்சவன் எவனும் இதப் படிக்க மாட்டானே."

அவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராக்கெட் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. முன்பக்க ரூமில் எவனோ, இன்றைக்கும் ஷிஃப்டுக்குப் போய் வந்துகொண்டிருப்பான். பெஞ்சில் சாட்சி வழக்கம் திரும்பி வந்தது. ஆள்தான் குறைந்துவிட்டது.

போன வாரம் நான் பஸ்ஸில் வரும்போது சுகப்பிரியா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"ஒரு தடவ பெஞ்சுக்கு வாயேன்ட்டி" என்றேன். "ஒன் கணக்கு தெறந்துதான் கெடக்கு."

"இது பட்டன் போனுட்டி. நெட்டு போன அப்பா பீரோல வச்சுப் பூட்டிட்டாவ."

ரகு அண்ணனிடம் சண்டை போட்டு ஒரு பூட்டைத் திறந்தேன். இந்தப் பூட்டுக்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போட?

அவளே கேட்டாள்: "அந்தச் சாட்சியெல்லாம் இன்னும் அங்க இருக்கா?"

"எல்லாம் அப்படியே இருக்குட்டி."

"வாசி. கேக்கேன்."

பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராக வாசித்தேன். என் ஸ்டாப் வந்து இறங்கிய பிறகும் ரோட்டோரம் நின்று வாசித்துக்கொண்டிருந்தேன்.