பாதி பாதியாகக் கொடுத்த கட்டி

1

இப்போதெல்லாம் ஒருவன் சொல்வதை இன்னொருவன் நம்புவதில்லை. ஒரு கடையில் டீ குடிக்கும்போதே அடுத்த கடை டீ எப்படி என்று கேட்கிறான். நானும் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ஆனால் எனக்கு வயதாகிவிட்டது, நான் நம்பாமல் இருக்கலாம்.

இந்தக் கதை அந்த நம்பாத புத்தியில்தான் பிறந்தது. இந்த வருசம், தொண்ணூற்றாறு, ஆடி கழிந்ததும் என் சம்சாரம் பாவாத்தாளுக்கு உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, சிவப்பாக ஒரு கட்டி. செருப்பு உரசினால் ரத்தம் கசியும்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: கிணத்துக்கடவில் காலை வெயில் தென்னை ஓலைகளின் மேல் தங்கமாக...

வெயிலுக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? விட்டுவிட்டேன்.

2

பொள்ளாச்சியில் ஒரு டாக்டர் கட்டியை அறுத்தெடுத்து, மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு, கோயமுத்தூர் லேபில் கொடுக்கச் சொன்னார். கெட்ட கட்டி என்று வந்தால் பெருவிரலையும் எடுக்க வேண்டுமாம்.

பாட்டிலைக் கொண்டுபோனவன் அவள் தம்பி தம்பிதுரை, கொப்பரை வியாபாரி. (இவனைக் கெட்டவனாக்கி எழுதிப் பார்த்தேன். ஆகமாட்டேன் என்கிறான். அக்கா மேல் உயிர்.) ஒரே கொப்பரையை உடைத்து, பாதியைக் காங்கேயத்துக்கும் பாதியை உடுமலைக்கும் அனுப்பி விலை கேட்பது அவன் வழக்கம். கட்டியையும் பிளேடால் இரண்டாக்கி இரண்டு லேபில் கொடுத்துவிட்டான்.

3

முதல் லேப் சொன்னது: வேர்வைச் சுரப்பியில் வந்த சாதாரணக் கட்டி, பயமில்லை.

இரண்டாவது லேப் சொன்னது: ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது, கெட்டது இல்லை என்று உறுதி சொல்ல முடியாது.

பொள்ளாச்சி டாக்டர் இரண்டையும் படித்துவிட்டு, எதற்கும் விரலை எடுத்துவிடலாம் என்றார்.

நான் தம்பிதுரையைப் பார்த்து (இங்கே எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். பெண்பிள்ளைகள் படிப்பார்கள்.)

4

இரண்டாவது லேபில், கட்டியைச் சீவி ஒட்டிவைத்திருந்த கண்ணாடிச் சில்லை வாங்கிக்கொண்டு, மூன்று பேரும் முதல் லேபின் டாக்டரம்மா ராமாமணியிடம் போனோம். இரண்டு சில்லையும் மாற்றி மாற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இத யாரு வெட்டுனது?"

"நாந்தானுங்க," என்றான் தம்பிதுரை. "கொப்பரைக்கு அப்படித்தானுங்க ரெண்டு பக்கம் கேக்கறது."

"கொப்பரைய எங்க ஒடச்சாலும் உள்ள ஒண்ணுதானுங்க. இதுக்கு ஓரத்தப் பாக்கோணும். வேலியத் தாண்டிப் பக்கத்துக் காட்டுக்குள்ள பூந்துருக்குதான்னு. நீங்க வேலியவே வெட்டிப்போட்டு வந்துருக்கறீங்க."

என்னையும் பார்க்கச் சொன்னார். குனிந்தேன். ராகியைக் கொட்டினாற்போல ஊதாப் புள்ளிகள். நடுநடுவே ஓட்டை.

"ஓட்டை தெரியுதுங்களா? வேர்வை போற வாய்க்கால் அதுதானுங்க. புள்ளியெல்லாம் ஒரே அளவு. கெட்டதுன்னா ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு தாறுமாறா இருக்கும்."

"எல்லாம் ஒண்ணாட்டத்தான் இருக்குது. அதுதானுங்க சந்தேகமா இருக்குது," என்றேன்.

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு தம்பிதுரையிடம் கேட்டார். "அடிப்பக்கம் ஒரு சீவல் காணோமே?"

"பிளேடுல ஒட்டியிருந்துச்சுங்க. தொடச்சுப்போட்டேன்."

டாக்டரம்மா இன்னொரு தரம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

"பாத்தவரைக்கும் நல்ல கட்டிதானுங்க," என்றார். "ஓரமும் மத்த பக்கமெல்லாம் ஒழுங்கா நிக்குது. தொடச்சுப்போட்டதுக்கு நான் என்னத்தச் சொல்ல? எங்காலா இருந்தா வெரல எடுக்க உடமாட்டேன். மறுபடி மொளச்சா ஒடனே வந்துருங்க."

பாவாத்தாள் எழுந்தாள். "அவந் தொடச்சுப்போட்டதுக்கு நான் வெரலக் குடுக்கோணுமா? வெரலு என்னுதுங்க, இருக்கட்டும். டேய், எந்திரி, பஸ்ஸு போயிரும்."

5

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கட்டி திரும்ப வரவே இல்லை. படித்தால் யாரோ ஆறுதல் சொல்வது மாதிரி இருக்கிறது. இன்னொன்றில் தைப் பொங்கலுக்குள் அதே இடத்தில் சிவப்பாக...

அதற்கு மேல் கை ஓடவில்லை.

இரண்டு லேப், இரண்டு டாக்டர், ஒரு மச்சினன். யார் சொன்னது சரி என்று எனக்கு விளங்கவில்லை. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக் காட்டினாலும் நம்பமாட்டேன்.

பாவாத்தாள் வெறுங்காலோடு வாசலுக்கும் களத்துக்கும் நடக்கிறாள்.

"ஏனுங்க, எழுதறதை உட்டுப்போட்டு எங்காலையே பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லம்மணி," என்று எழுந்து தோப்புப் பக்கம் போகிறேன். நல்ல கட்டியாம். இருக்கலாம்.