விழுந்தவன் சிரிக்கும் வரை

1

இந்தக் கதை என்னுடையதில்லை, அக்காவுடையது. திருடினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் அவளே சொன்னதுதான். அக்கா பஸ் ஓட்டுகிறாள். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். ஊரார் பிழையெல்லாம் கண்ணில் படுகிறது, என் பிழைப்புதான் சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும்...

(‘எங்கள்’ என்று எழுத எனக்கு என்ன உரிமை? அடித்துவிட்டேன்.)

2

இந்த மண்ணின் முதல் குடி நாங்கள். எங்கள் பிள்ளைகளை முன்னேற்றுகிறோம் என்று அரசாங்கம் விடுதிகளுக்கு அள்ளிப் போன காலம் ஒன்று இருந்தது. ஜீப் வந்த அன்று அக்காவுக்கு அம்மை போட்டிருந்தது; தொடப் பயந்து விட்டுவிட்டார்கள். மூன்று வயதான என்னைத் தூக்கிப் போனார்கள். மீசை முளைத்துத் திரும்பியபோது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

அதனால் அக்காவிடம் ஒரு குழந்தைப்பருவம் இருக்கிறது. பஸ்ஸில் யார் கத்தினாலும் அவள் பதறுவதில்லை, படுத்தால் தூங்கிவிடுகிறாள். நான் மாத்திரை போட்டும் கூரையைப் பார்த்துக் கிடக்கிறேன். பொறாமைதான், வேறென்ன.

3

அவள் சொன்னது இது. அன்றைக்கு யார் விழுந்தார்களோ, அவர்கள் விழுந்த கதையைச் சாப்பாட்டின்போது சொல்ல வேண்டும். பெரியவர்களும்தான். விழுந்தவர் சிரிக்கும் வரை வேறு யாரும் சிரிக்கக் கூடாது. எங்கள் குடியில் எல்லா வீட்டிலும் இதே வழக்கமாம்.

“அப்பா ஒரு தடவ விறகுக்கட்டோட சேத்துல உக்காந்துட்டாரு. மூஞ்சிய உம்முனு வச்சிக்கிட்டே சொல்றாரு. நாங்க வாயப் பொத்திக்கிட்டுத் தவிக்கிறோம்.”

“நான் எங்க இருந்தேன்?”

“அம்மா மடியில.”*

* கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னாள். எனக்காகச் சேர்த்திருப்பாள்.

4

அந்த மடியில் என்னை வைத்து எழுதிப் பார்த்தேன். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நான்... (வேண்டாம். பொய் பல்லிளிக்கிறது.)

வேறொரு முடிவு: அன்று ஜீப் வரவேயில்லை.

(இதை எழுதும்போது அழுதுவிட்டேன். கிழித்துப் போட்டாயிற்று.)

5

இன்று காகிதக் கட்டோடு அச்சகப் படியில் விழுந்தேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அடி பட்டுச்சாடா?”

“இல்லக்கா. ஆனா எந்திரிக்கல. அவங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன், எதுக்குன்னே தெரியல. விடுதியிலயும் அப்படித்தான். விழுந்தா அப்படியே உக்காந்திருப்பேன். மந்தம்னு அதுக்கும் அடி விழும்.”



“மந்தமில்லடா. நீ சிரிக்கிற வரைக்கும் மத்தவங்க பொறுப்பாங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருக்க. இத விடுதியிலயா உனக்குக் கத்துக்குடுத்தாங்க?”

6

மடியை அக்கா சேர்த்திருக்கலாம். விழுந்ததும் நான் காத்திருந்ததை யார் சேர்த்தார்கள்? ஆனாலும் அந்த மடி எனக்கு ஞாபகம் வரவில்லை. இனி வரவும் வராது. போனது போனதுதான்.

“சரி, சொல்லு. எப்படி விழுந்த? மொதல்ல இருந்து சொல்லு,” என்கிறாள் அக்கா.

சொல்லத் தொடங்கியிருக்கிறேன். போனில் அவள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை, வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப் போவதில்லை. எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. நீங்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.