ஐஸ்பெட்டி ரிவெட்டுகள்

சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கும் அந்தப் பட்டறையில் உலைக்கும் ஐஸ்பெட்டிக்கும் பொறுப்பு ஒரே ஆள்தான். நெருப்பையும் பனியையும் ஒருத்தியிடமே கொடுத்தால் அவள் எப்படி இருப்பாள்? கறாராகத்தான் இருப்பாள். முதுகுக்குப் பின்னால் அவளை உலைக்காரி என்பார்கள். முகத்துக்கு நேரே அக்கா.

அவள் பக்குவப்படுத்தித் தருவது ரிவெட்டுகளை. இறக்கைத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் குட்டி உலோகக் குச்சிகள். ஓட்டையில் நுழைத்து மறுமுனையை அடித்து நசுக்கினால் அங்கே ஒரு தலை முளைத்துவிடும். எல்லாம் அலுமினியம்தான், உப்புப் போடுகிற கணக்கில் கொஞ்சம் செம்பு. வம்பெல்லாம் அந்தச் செம்பால்தான். உலையில் வைத்தால் ரிவெட் உருகாமல், கெட்டியாக இருக்கும்போதே செம்பு அலுமினியத்துக்குள் கரைந்துவிடும், சர்க்கரை தண்ணீரில் கரைவதைப் போல. திடக் கரைசல் என்று புத்தகத்தில் பெயர். சூட்டோடு தண்ணீரில் போட்டால் செம்புக்குப் பிரிந்துவர நேரமில்லை, கரைந்தபடியே மாட்டிக்கொள்ளும். அப்போது ரிவெட் சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் வெளியே வைத்தால் செம்பு அணுக்கள் மெல்ல நகர்ந்து அங்கங்கே கும்பல் கூடும். கும்பல் கூடிய இடத்தில் உலோகம் விறைத்துக்கொள்ளும். இறக்கையில் அடித்த பிறகு விறைத்தால் அதுதான் பலம். அடிப்பதற்கு முன்பே விறைத்தால் அடிக்கும்போது தலை விண்டுபோகும். அதற்காகத்தான் ஐஸ்பெட்டி. குளிரில் செம்பு இருந்த இடத்தை விட்டு அசையாது.

இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மற்றவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சில்லென்று இருந்தால் நல்ல ரிவெட்.

அந்த மற்றவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தாங்காதவன். ரொட்டி வண்டி ஓட்டினான், கண்ணாடிக் கடையில் நின்றான், மாமனார் வீட்டில் பேச்சு வாங்கினான். போன வருஷம் இவள்தான் சூப்பர்வைசரிடம் கெஞ்சி, "என் பொறுப்பு சார்" என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தாள். அதிசயமாக அவனுக்கு ரிவெட் அடிக்கும் கை வாய்த்திருந்தது. அண்ணி போனில் சிரித்துப் பேசவே ஆரம்பித்துவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போய் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, அன்று காலையில்தான் உலைக்காரி வேலைக்குத் திரும்பியிருந்தாள். வீங்கிய கன்னத்தோடு வந்ததும் வராததுமாக ஒரு புது ஈடு ரிவெட்டுகளை உலையில் சூடேற்றி, தண்ணீரில் இறக்கி, ஐஸ்பெட்டித் தட்டில் பழைய ரிவெட்டுகளின் மேலேயே கொட்டினாள். மத்தியானம் தட்டை வெளியே இழுக்கப் பார்த்தபோது அது வரவில்லை. அடியில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி பிடித்திருந்தது. பெட்டிக்குள் எப்போதும் வெள்ளைப் பொடியாகத்தான் பனி படியும். உருகி வழிந்து மறுபடி உறைந்தால்தான் இப்படிக் கட்டியாகும். தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு நடந்தாள்.

கூடத்தின் நடுவில், இறக்கைப் பழுது முடிந்து, வண்ணம் அடித்து, பறக்கத் தயாராக நின்றது விமானம். அண்ணன் அதன் அடியில் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஐஸ்பெட்டி ப்ளக்கைப் பிடுங்கினியா?"

"ஆமா பாப்பா, நீ லீவு போட்ட அன்னிக்கு. இறக்கை உள்ளுக்குள்ள கும்மிருட்டு, லைட்டுக்கு ப்ளக் வேணும்ல. சாயங்காலம் மறக்காம சொருகிட்டேன். மறுநாள் அடிக்கறதுக்கு எடுத்தப்ப கையே மரத்துப்போற மாதிரி சில்லுன்னு இருந்துச்சு."

"அடிக்கறப்ப எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் முரண்டு பிடிச்சுது. கூட ரெண்டு தட்டு தட்டினேன், வழிக்கு வந்துடுச்சு." அவன் சிரித்தான். "ஏன், மெஷினுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அவன் ப்ளக்கைச் சொருக மறந்திருந்தால்கூட நல்லதாகப் போயிருக்கும். வழிந்த தண்ணீரைப் பார்த்து யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். குளிர் நடப்பதை நிறுத்தி வைக்குமே தவிர, நடந்ததைத் திருப்பித் தராது. ஒரு பகல் முழுக்க வெளிச்சூட்டில் விறைத்தது விறைத்ததுதான். மறுபடி உலைக்குப் போனால்தான் இளகும். தொட்டுப் பார்த்தால் விறைத்ததும் விறைக்காததும் ஒரே சில்லிப்பு.

தட்டின் மேலிருந்து ஒரு ரிவெட்டை எடுத்துச் சோதனைத் தகட்டில் அடித்தாள். தலை பூப்போல மலர்ந்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அத்தோடு விட்டுவிட அவளுக்கு எவ்வளவோ ஆசை. ஆனால் மேலே இருந்தது காலையில் அவளே கொட்டியது. அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து அடித்தாள். சுத்தி எகிறியது. இன்னும் இரண்டு அடி. தலையின் ஓரம் விண்டு, மயிரிழையாகக் கீறல் ஓடியது.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் வந்தார். சத்தமாகப் பேசாத, யாரையும் சந்தேகப்படாத மனுஷர். அப்படிப்பட்டவர்களிடம் பொய் சொல்வதுதான் கஷ்டம்.

"மூணு மணிக்கு வெள்ளோட்டம்மா. ரிவெட்டெல்லாம் பதமா இருந்துச்சா?"

வெள்ளோட்டத்துக்கு அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழுதுபார்த்தவர்களில் தலைமை ஆள் பைலட்டின் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அடித்தவன் ஏறினால்தான் அடி ஒழுங்காக விழும் என்பது முதலாளியின் கணக்கு. இந்த இறக்கைக்குத் தலைமை ஆள் பீப்பாய். பெயருக்கேற்ற உடம்பு, அண்ணனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவன், மூன்று பெண்களுக்குத் தகப்பன். இது உலைக்காரிக்குத் தெரியும். பைலட் போன மாதம் வந்து சேர்ந்தவன் என்பதும் தெரியும்.

அவள் உள்ளங்கையில் இரண்டு ரிவெட்டுகள் இருந்தன. நல்லதை எடுத்து நீட்டினாள்.

"பாருங்க சார்."

"அருமை" என்றார் அவர். போய்விட்டார்.

அவளைத் திட்ட எனக்கும் வாய் வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவள் மனம் எப்படியெல்லாம் கணக்குப் போட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். இறக்கையில் எத்தனையோ ரிவெட்டுகள், அத்தனையுமா விண்டிருக்கும்? ஒன்று தளர்ந்தால் பக்கத்தில் உள்ளது தாங்காதா? ஒரே ஒரு வெள்ளோட்டம். போய்வரட்டும், அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லி ஒவ்வொன்றாக மாற்றிவிடலாம். அண்ணனுக்கு இந்த வேலையும் போனால் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள், இந்தத் தடவை திரும்ப மாட்டாள். இப்படியே நினைத்து நினைத்து, பீப்பாயின் மூன்று பெண்களையும் அவள் நினைப்பிலிருந்து தள்ளி வைத்துவிட்டாள். விண்ட ரிவெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உலையைத் துடைத்தாள். ஏற்கனவே துடைத்த உலைதான்.

எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். பீப்பாய் இடுப்பைப் பிடித்தபடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான்.

"நீ ஏறலையா?"

"இடுப்பு பிடிச்சுக்கிச்சுக்கா. உங்கண்ணன் நான் போறேன்னான். பாதி இறக்கை அவன் அடிச்சதுதானே, போகட்டும்னு விட்டுட்டேன். அவன் முகத்தைப் பாருங்க, பிள்ளையாட்டம்."

விமானத்தின் சின்ன ஜன்னலில் அண்ணன் தெரிந்தான். இவளைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

அவள் ஓடினாள். அப்படி ஓடியதை அந்தப் பட்டறையில் யாரும் பார்த்ததில்லை. ஓடுபாதைப் பக்கம் நகரத் தொடங்கியிருந்த விமானத்தின் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போய் நின்றாள். பைலட் கையை உதறி ஏதோ கத்தினான். எஞ்சின் அணைந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள். அவள் பைக்குள்ளிருந்து விண்ட ரிவெட்டை எடுத்து சூப்பர்வைசர் கையில் வைத்தாள்.

"தட்டுக்கு அடியில இருந்து எடுத்தது சார். இப்பதான் அடிச்சுப் பார்த்தேன். பெட்டி நடுவுல நின்னு போயிருக்கு."

"யாரு நிறுத்தினது?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் இறங்கி வந்துவிட்டான். "நான்தான் சார். லைட்டுக்காகப் பிடுங்கினேன். இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றான். யாரும் அவனை மிரட்டவில்லை, அவனாகவே சொன்னான்.

மறுநாள் இறக்கையைத் துளைத்து ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். வண்ணத்துக்கு அடியில் விண்ட தலைகள் வரிசையாக வந்தன. பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து, சொந்த அண்ணன் என்றும் பார்க்காத நேர்மை என்று அவளைப் புகழ்ந்தார். அதே மூச்சில் அண்ணனுக்குக் கணக்கு முடித்து அனுப்பினார். அவளுக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது.

வெளி வாசலில் அண்ணன் நின்றான்.

"என்கிட்ட தனியா வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே இறங்கியிருப்பேன்ல பாப்பா? யாரோ ஒரு பைலட்டுக்காக இப்படி எல்லார் முன்னாடியும் ஓடி வந்தியே. உங்க அண்ணிக்கு நான் என்னன்னு சொல்லுவேன்?"

பைலட்டாவது மண்ணாவது. நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் ஓடி வந்தேன், நீ இல்லையென்றால் வந்திருக்கவே மாட்டேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அண்ணன் மனசு ஆறும். சொல்லவும் வாயெடுத்தாள்.

அதற்குள் பீப்பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நேத்து நான் ஏற வேண்டியது. வீட்ல சொன்னேன், அவ அழுதுட்டா. நான்தான் சமாதானம் சொன்னேன், அடியே அக்கா இருக்கற வரைக்கும் யார் ஏறியிருந்தாலும் நிறுத்தியிருக்கும்னு. சரிதானேக்கா?"

இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமா" என்றாள்.

அண்ணன் மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"தெரியும் பாப்பா. உனக்கு யாரா இருந்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.