பத்தாயிரம் பவுண்டு

செக் வெர்லாவின் சட்டைப் பையில் தயாராக இருந்தது. வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்க்காமல் அதை வெளியே எடுக்க மாட்டேன் என்று அவள் காலையிலேயே சொல்லிவிட்டாள். மொண்டானாவின் அந்தச் சின்ன ஊரில், கோதுமைக் கிடங்கின் எடைமேடை இருபத்திரண்டு வருஷமாக அவள் பொறுப்பு. இதுவரை எந்த விவசாயிக்கும் ஒரு பவுண்டு கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை.

இன்று சனிக்கிழமை, கிடங்குக்கு விடுமுறை. சாவி அவளிடம் இருந்தது. அவள் புருஷன் டெல்மர் தங்கள் பிக்கப் லாரியை ஓட்டி வந்தான். அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது பக்கத்துப் பண்ணை லோவெல் விற்கும் கேம்பர்: கட்டில், அடுப்பு, ஹீட்டர், கக்கூஸ் எல்லாம் வைத்த குட்டி வீடு.

அந்த வீடு இவர்களுக்கில்லை, மகள் ஹாலிக்கு. அலாஸ்காவில், மீன் பதப்படுத்தும் கொட்டகையில் வேலை பார்க்கிறாள். ஏழு மாதக் கர்ப்பிணி. சுற்றுலாக்காரர்கள் மூன்று மடங்கு வாடகை தருகிறார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரன் இருபதாம் தேதிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டான். இன்று தேதி எட்டு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாரும் கேம்பர் விற்கவில்லை.

"எதுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்றான் லோவெல். "கேம்பர் ரெண்டாயிரத்து நூத்தம்பது பவுண்டுதான். கம்பெனி பேப்பர்ல அச்சடிச்சே இருக்கு, பாரு."

"பேப்பரையா முதுகுல ஏத்திட்டுப் போகப் போறோம்?" என்றாள் வெர்லா.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவளுக்குப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிக்கப்பின் கதவோரம் ஒட்டியிருந்த சீட்டு அவளுக்கு மனப்பாடம். வண்டி, டீசல், ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால், மலை இறக்கத்தில் பிரேக்கும் டயரும் எப்போது கை விரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டெல்மர் மேடையில் ஏற்றி நிறுத்தினான். பக்கத்து சீட்டில் வெர்லா. எதிரே பலகையில் சிவப்பு எண்கள் துள்ளின. அவள் நெஞ்சும் கூடவே துள்ளியது. 10,620.

"போச்சு!" என்றான் டெல்மர்.

"இரு. லோவெல், தண்ணித் தொட்டி காலியா?"

லோவெல் தலையைச் சொறிந்தான். "நேத்துதான் ரொப்பினேன். பைப் எல்லாம் ஒழுகாம நல்லா இருக்குன்னு காட்டலாம்னு..."

"நாசமாப் போ! தொறந்து விடு!"

மேடையோரம் தண்ணீர் கொட்டக் கொட்ட எண்கள் இறங்கின. 10,500. 10,420. வெர்லா ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு, "இறங்கு, இறங்கு!" என்று கத்தினாள். வேலை நேரத்தில் அவள் சிரித்தே பார்த்திராத லோவெல் வாயைப் பிளந்தான். 10,340-இல் பலகை நின்றுவிட்டது.

"டெல், சீட்டுக்குப் பின்னாடி என்ன வெச்சிருக்க?"

"டூல்பாக்ஸ். அப்புறம் ஜெனரேட்டர். வழியில ஏதாவது ஆச்சுன்னா..."

"இந்த கனத்தோட போனா கண்டிப்பா ஆகும். எடு!"

முனகிக்கொண்டே இரண்டையும் இழுத்து வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். 10,200. கழற்ற இனி ஒன்றுமில்லை.

"இருநூறுதானே வெர்லா. யார் கேக்கப் போறா?" என்றான் டெல்மர்.

வெர்லா மறுபடியும் பலகையைப் பார்த்தாள். ஆசை இல்லாமலா? இது இல்லையென்றால் வயிற்றுப்பிள்ளையோடு மகள் கூடாரத்தில்தான் படுக்க வேண்டும். ஆனாலும், இதே மேடையில் நின்று இதே வார்த்தையை எத்தனை பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்! அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியவள் அவள்.

"முடியாது டெல்," என்றாள். "வண்டியைத் திருப்பு."

டெல்மர் திருப்பவில்லை. கதவைத் திறந்து கீழே இறங்கி, மேடையை விட்டுத் தள்ளிப் போய் நின்றான். எண்கள் ஒரு குலுங்கு குலுங்கி நின்றன. 9,960.

லோவெல் விழுந்து விழுந்து சிரித்தான். "இருநூத்து நாப்பதா! டாக்டர்கிட்ட இருநூத்துப் பத்துன்னுல்ல சொல்லிட்டுத் திரியற?"

"வாயை மூடு லோவெல்." டெல்மரின் முகம் சிவந்திருந்தது. "வெர்லா, நீ ஓட்டிட்டுப் போ. நான் பிளேன்ல வந்துடறேன்."

வெர்லா அவனை வெறித்துப் பார்த்தாள். கொட்டகைக் கூரைக்கு ஏணி வைத்தாலே கால் நடுங்குகிறவன். அவன் அம்மா சாவுக்கே விமானம் வேண்டாமென்று இரண்டு நாள் பஸ்ஸில் போனவன்.

"நெசமாவா?"

"நடு சீட்டா வாங்கு. கீழ எதுவும் தெரியக் கூடாது. திரும்பி வரும்போது வண்டி காலிதானே, அப்ப நான் ஓட்டறேன்."

"ரெண்டாயிரத்து எழுநூறு மைல் டெல். நான் தனியா."

"பயமா இருக்கா?"

பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடப் பெரிய குதூகலம் ஒன்று காலிலிருந்து தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. செக்கை எடுத்து ஜன்னல் வழியாக லோவெலிடம் நீட்டினாள். நகர்ந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். டெல்மரின் நெட்டைக் காலுக்காகப் பின்னால் தள்ளியிருந்த சீட்டை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். பின்னால் அந்தக் குட்டி வீடு முழுசாகத் தெரிந்தது.

"நாப்பது பவுண்டு மிச்சம் இருக்கு," என்றாள். "அதுல என் துணி, கொஞ்சம் தண்ணி, பாப்பாவுக்கு ஒரு கம்பளி."

டெல்மர் கையாட்டினான். வெர்லா ஹாரனை நீளமாக அடித்து வண்டியைக் கிளப்பினாள்.

"ஹாலிக்குப் போன் போடு டெல்! வீடு கெளம்பிடுச்சுன்னு சொல்லு!"