ட்வைலாவின் தோட்டாவுக்கு ஒரு கையேடு

1

இந்தக் கதையின் விதை என்னுடையதல்ல. மொன்டானா மலையடிவாரத்தில் கார்னெட் ஃபோர்க் என்ற ஊரின் நூலகத்தில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். ஓர் ஆகஸ்ட் மதியம் ட்வைலா பிராண்ட்வோல்ட் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வசு, வீட்டிலேயே தோட்டா அடைக்கிறதுக்குப் புத்தகம் வேணும். உங்கிட்ட இருக்கிறதுல எதை நம்பலாம்?"

எது நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள், எது சின்னது என்று கேட்பார்கள். எதை நம்பலாம் என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "மலைச்சரிவில் துப்பாக்கி முழங்கியது. பைன் மரங்களிலிருந்து" (அடித்துவிட்டேன். இந்தக் கதையில் துப்பாக்கி வெடிப்பது கொஞ்சம்தான். பெரும்பாலும் உட்கார்ந்து படிக்கிறார்கள்.)

இரண்டாவது: "மொன்டானாவில் இலையுதிர்காலம் என்றால்" (என்றால் என்ன? சுற்றுலாக்காரர்களுக்கு அச்சடிக்கும் துண்டுத்தாள் போல இருக்கிறது. விட்டாயிற்று.)

மூன்றாவது தொடக்கம் ட்வைலாவின் வலது தோளிலிருந்து புறப்படுகிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

2

ட்வைலாவின் வலது தோளில் ஒரு நீளத் தழும்பு உண்டு. மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவள் அவள். போன குளிர்காலத்தில் வண்டியின் படியில் பனிக்கட்டி வழுக்கி விழுந்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு டாக்டர், வண்டி ஓட்டலாம், எல்க் மான் வேட்டைக்கும் போகலாம், ஆனால் சுடும்போது தோளில் விழும் ரைஃபிளின் உதை மட்டும் பாதியாகக் குறைய வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் ரைஃபிளுக்கு எங்கள் ஊர்க் கடையில் வருவதெல்லாம் பலமாக உதைக்கும் தோட்டாதான். மெல்ல உதைப்பது வேண்டுமென்றால் காலிக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டில் அடைத்துக்கொள்வதுதான் வழி.

அவள் கணவன் ஓரின் மாட்டுப்பட்டிகளுக்குக் கதவு வெல்டிங் செய்பவன்.

"இந்த வருஷம் எல்க்கை நான் சுடுறேன். நீ வண்டியில காபியோட இரு" என்றானாம்.

"காபி குடிக்க எதுக்குய்யா மலை ஏறணும்? அடுப்படியிலயே குடிச்சுக்கறேன்."

கல்யாணமானதிலிருந்து அந்த வீட்டு உறைபெட்டிக்கு இறைச்சி கொண்டுவந்தது பெரும்பாலும் அவள்தான். வண்டியில் உட்கார வைத்தால் எப்படிப் பொறுப்பாள்?

* முதல் வரைவில் ஓரினை மூடனாக எழுதியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் அவள் கை கழுத்துக்கட்டில் தொங்கிய மாதங்களில் அவளுக்குத் தினமும் பின்னல் போட்டுவிட்டவன் அவன். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். அதோடுதான் அவள் கடைக்கும் வங்கிக்கும் போய்வந்தாள். அப்படிப்பட்டவனை மூடனாக்க எனக்குக் கை வரவில்லை.

3

நூலகத்திலிருந்தவற்றையும் வெளியூர் நூலகங்களிலிருந்து தருவித்தவற்றையும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ஓரின் தன் பங்குக்கு ஒன்றை வைத்தான். இறந்துபோன அவன் மாமாவின் கையேடு. முதுகில் ஒட்டுநாடா, பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை.

"மாமா காலம் பூரா இதை வச்சுத்தான் அடைச்சார். ஒரு விரல் போகலை."

"உங்க மாமா போட்ட மருந்து இப்ப கடையில இல்லை. அதே பேர்ல வர்றதும் அதே மருந்துதானான்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் ட்வைலா.

"சரி, ஃபோனைப் பாரு. உன் ரைஃபிளுக்கே ஒருத்தன் அளவு போட்டிருக்கான்."

"யாரு?"

"கிரிஸ்லி அப்பான்னு இருக்கு."

"முதல்ல அவன் சொந்தப் பேரைப் போடட்டும். அப்புறம் அவன் அளவைப் பாக்கலாம்."

நான் நூலகர் புத்தியோடு அச்சையும் பதிப்பாண்டையும் பொருளடக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு புத்தகத்திடமும் ஒன்றையே தேடினாள். இந்த அளவை இவர்களே சுட்டுப் பார்த்தார்களா? எந்தத் துப்பாக்கியில், எவ்வளவு நீளக் குழலில், எந்தக் குண்டை வைத்து? குண்டு செய்யும் நிறுவனம் ஒன்று போட்ட தடித்த புத்தகம் எல்லாவற்றையும் சொன்னது. அதை வருடிக்கொடுத்தாள். பிறகு உதட்டைப் பிதுக்கினாள்.

"எல்லாம் வேகமாப் போறவனுக்கு எழுதினது. எனக்கு மெதுவாப் போகணும்."

"அதுக்கென்ன, மருந்தைக் குறைச்சுப் போடு. இதுக்கு ஒரு புத்தகமா?" என்றான் ஓரின்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. குழம்பில் காரம் அதிகமானால் அடுத்த முறை மிளகாயைக் குறைக்கிறோம். அவ்வளவுதானே.

 ட்வைலா வெடிமருந்து செய்யும் நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஒல்லியான புத்தகத்தை எடுத்து, எல்லோரும் தாண்டிப்போகும் முன்பக்கங்களைப் படித்தாள். 

"இங்க கேளு. சில மருந்தைக் கூட்டினாலும் குழல் வெடிக்கும், ரொம்பக் குறைச்சாலும் வெடிக்கலாமாம். மெல்ல உதைக்கிறதுக்குன்னு தனிப் பகுதியே இருக்கு, சுட்டுப் பார்த்துப் போட்டது. இந்தப் பட்டியல்ல இல்லாததைப் பத்தி எங்களுக்குத் தெரியாது, போடாதீங்கன்னும் எழுதியிருக்கான்."

புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "தெரியாதுன்னு சொல்றான் பாரு. இவன்தான் எனக்கு வேணும்."

அதன் புதிய பதிப்பை வாங்கினாள். ஒத்துப்பார்க்க அந்தத் தடித்ததையும் வாங்கினாள்.

4

இந்தப் பகுதிதான் என்னைப் படுத்தியது.

செப்டம்பரில் அவள் பிறந்தநாள். நான் கேக்கோடு போயிருந்தேன். ஓரின் ரிப்பன் கட்டிய சின்னப் பெட்டி ஒன்றை நீட்டினான். உள்ளே பளபளவென்று தோட்டாக்கள். அவளுக்குத் தெரியாமல் கொட்டகையில் உட்கார்ந்து அவனே அடைத்தவை.

"எந்தப் புத்தகம்?" என்றாள்.

"மாமாவோடதுதான். அவர் போட்டதுல பாதி. உனக்கு உதைக்கவே உதைக்காது."

(ஒரு வரைவில் அவள் சிரித்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். இன்னொன்றில் அவன் மனம் கோணக்கூடாதென்று வாங்கி வைத்துவிட்டு ரகசியமாக அப்புறப்படுத்துகிறாள். இரண்டும் படிக்க நன்றாகவே இருக்கின்றன. இரண்டிலும் இருப்பவள் ட்வைலா இல்லை.)

அவள் எழுந்து கொட்டகைக்குப் போனாள். அங்கே சுத்தியல் போல ஒரு கருவி உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகித் தரையில் அடித்தால் குண்டு கழன்றுவிடும். ஒன்றைச் செருகி அடித்தாள். மருந்து சிந்தியது. இரண்டாவதற்கு ஓங்கும்போது தோள் பிடித்துக்கொள்ள, பல்லைக் கடித்தாள். ஓரின் வாசலில் நின்றிருந்தான்.

"எனக்காகத்தான் செஞ்சே. தெரியும்" என்றாள் திரும்பாமல்.

"ஒவ்வொண்ணா அளந்து போட்டேன், ட்வைலா."

"அதுவும் தெரியும்."

 அவன் உள்ளே வந்து அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கினான். மீதியை அவனே பிரித்தான், ஒன்றுவிடாமல். சாம்பல் நிற மருந்தைக் கொண்டுபோய்ப் புல்தரையில் தூவினான். அதற்கப்புறம்தான் கேக்கை வெட்டினோம். அவன் தட்டில் பெரிய துண்டாக வைத்தாள்.

5

பிறகு அவள் படித்தாள். மதிய உணவு வேளையில் வண்டிக்குள் உட்கார்ந்துகூடப் படிப்பாள். இரண்டு புத்தகமும் ஒத்துப்போன பிறகே தராசைத் தொட்டாள்.

ஊருக்கு வெளியே சுடுதிடலில் முதல் தோட்டாவைப் போட்டபோது ஓரினையும் என்னையும் வண்டிக்குப் பின்னால் போகச் சொன்னாள். தரையில் குப்புறப் படுத்துக் குறி வைத்தாள். சத்தம் கேட்டது. அவள் அசையாமல் கிடந்தாள். 

"என்னாச்சு?" என்று ஓரின் கத்தினான்.

"தோளைத் தட்டுச்சு" என்றாள். "உதைக்கலை."

குறி அட்டையைப் பார்க்க அவள் நடந்து போனதையும் திரும்பி வந்ததையும் இன்னும் நன்றாக எழுத ஆசை. போகும்போது நோயாளி நடை. வரும்போது, அட்டையைக் காற்றில் பிடித்துக்கொண்டு, பனி வண்டியைச் சாலையின் நட்டநடுவில் ஓட்டிவருகிறவளின் நடை.

நவம்பரில், முழங்கால் பனியில், பக்கத்துச் சரிவில் நின்ற பெட்டை எல்க் ஒன்றை ட்வைலா ஒரே தோட்டாவில் வீழ்த்தினாள். ஓரின் கயிறு கட்டி இழுத்தான். ஊர் உணவு விடுதியில் அவன் எல்லோரிடமும் சொன்னது ஒன்றுதான்: "அவளே அடைச்சது." எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. மிளகு போட்டு வறுத்தேன்.

6

கதையை இங்கே முடித்து, ஆங்கிலத்தில் அவளுக்குப் படித்துக்காட்டினேன். கோணல் பின்னலுக்குச் சிரித்தாள். சுத்தியலுக்குத் தலை குனிந்துகொண்டாள். அவள் தராசில் நிறுத்த மருந்தின் அளவைக் கடைசி வரியில் எழுதியிருந்தேன். நிஜமான ஓர் எண் கதைக்குக் கனம் தரும் என்று எனக்கு எண்ணம். அங்கே கையை உயர்த்தினாள்.

"அதை எடு."

"அது உன் உழைப்பு. உன் பெருமை அதுலதானே இருக்கு?"

"நீ சுட்டுப் பார்த்தியா?"

"இல்லை."

"உன் மொழியில படிக்கிறவன் எவனாவது இதே ரைஃபிளை வச்சிருப்பான். நீ தசமப் புள்ளியைத் தள்ளி வச்சிருப்பே. கதைன்னா என்ன வேணா எழுது, வசு. ஓரினை இன்னும் கொஞ்சம் அழகாக்கக்கூடச் செய். அளவு வேணும்னா அவன் போய் அவன் புத்தகத்தைப் பார்க்கட்டும்."

என் கதையை நம்பி ஒருவர் துப்பாக்கியில் எதையாவது போடக்கூடும் என்று நினைத்த முதல் வாசகி அவள்தான். எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. எண்ணை அழித்தேன். அழித்த இடத்தில் வேறெதையும் வைக்க மனமில்லை. வாசகரே, அதை நிரப்ப வேண்டியவர் நீங்கள், ஆனால் என்னைப் பார்த்து நிரப்பாதீர்கள். கடைசி வாக்கியத்தை இருக்கிறபடியே தருகிறேன்:

அந்த ஞாயிற்றுக்கிழமை ட்வைலா தராசின் முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நின்றதும் சத்தமாகப் படித்தாள், ஓரின் புத்தகத்தில் விரல் வைத்து ஒத்துப்பார்த்து ஆமென்று தலையாட்டினான், மருந்தின் அளவு