வாளிக்குள் ஒரு ராசா

செய்தித்தாள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில், விளம்பரப் பிரிவின் கடைசி ஜன்னல் அவளுடையது. இறந்தவர்களைப் பற்றிய அறிவிப்புகளை அங்கேதான் வாங்குவார்கள். எல்லோருக்கும் அவள் கவுன்ட்டர் அக்கா. அக்கா சிரித்த முகமாக வந்தால் எந்த வீட்டிலோ ஒப்பாரி என்று பிழை திருத்துபவர் கிண்டல் செய்வார். கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டில் இருந்தாள். படத்தை வாங்கி, பெயரையும் வயதையும் சரிபார்த்து, 'ஆழ்ந்த துயரத்துடன்' என்று தொடங்கும் வழக்கமான வரிகளை நிரப்புவதுதான் வேலை. கவிதைக்கும் தனக்கும் ஏதாவது உறவு உண்டு என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

ஒரு மழை நாளில் லாரி டிரைவர் ஒருவர் நனைந்தபடி வந்தார். அவருடைய சின்னப் பையன் காய்ச்சலில் போய்விட்டான். அவர் நீட்டிய படத்தில் பையனின் தலையைப் பிளாஸ்டிக் வாளி ஒன்று கழுத்துவரை மூடியிருந்தது. முகம் தெரிகிற படம் வேண்டும் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"வேற படம் கிடையாதும்மா. போட்டோ எடுக்கப் போனாலே வாளியைக் கவுத்துக்குவான். அப்படியே ஓடிப்போய் சுவத்துல முட்டிக்குவான். முட்டிட்டுச் சிரிப்பான்" என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நிமிடம் கவுன்ட்டர் பலகையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவளுக்கு அன்று வழக்கமான வரிகளை எழுதக் கை வரவில்லை. கிடைத்த தாளில் இப்படி எழுதினாள்:

வாளி ஒன்று நடக்குது
வாசல் தாண்டி ஓடுது
முட்டுது சுவரில் முட்டுது
மூக்கைத் தடவிச் சிரிக்குது
வாளிக்குள்ளே யாரங்கே?
வாலில்லாத ராசாவே!

டிரைவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இதையே போடுங்க" என்று சொல்லிவிட்டு மழையிலேயே இறங்கிப் போனார்.

அறிவிப்பு வெளியானதும் மேலாளர் அவளை அழைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். சாவில் என்ன விளையாட்டு என்று வாசகர்கள் போன் மேல் போன் போட்டிருந்தார்கள்.  ஆனால் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருத்தி, கீழே இருந்த தேதியையும் 'மறைந்தான்' என்ற சொல்லையும் கத்தரித்துவிட்டு, பாட்டை மட்டும் வகுப்புச் சுவரில் ஒட்டினாள். பாடப்புத்தகத்தைக் கண்டாலே முகம் சுளித்த பிள்ளைகள் சுவரைச் சுற்றி நின்று படித்தார்கள். பாட்டு பள்ளிக்குப் பள்ளி தாவியது.

பிறகு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அவளுடைய ஜன்னலைத் தேடி வந்தார்கள். "எங்க பாப்பாவுக்கும் அந்த மாதிரி எழுதிக் குடுங்க" என்றார்கள். பிள்ளை வீட்டில் என்ன சேட்டை செய்யும் என்று அவள் கேட்பாள். செருப்பை மாற்றிப் போடுவது, எறும்போடு சண்டை, பல்லியை மாமா என்று கூப்பிடுவது... சொல்லிக்கொண்டே வருவார்கள். இடையில் ஒரு தடவையாவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுவாள். வீட்டுக்குப் போனால் சாப்பாடு இறங்காது.

சில வருடங்கள் கழித்து ஒரு பதிப்பாளர் பெற்றோர்களிடம் அனுமதி வாங்கி, பாட்டுகளைப் படங்களோடு புத்தகமாக்கினார். பாட்டுகள் பிறந்த கதையை மட்டும் விட்டுவிட்டார். புத்தகம் விற்றுத் தீர்ந்தது, மறுபடி அச்சானது, பரிசும் வாங்கியது. பேட்டி எடுக்க வந்தவர்கள், இவ்வளவு சந்தோஷமாக எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டார்கள். அவள் தண்ணீர் குடித்துச் சமாளித்தாள். அந்தப் புத்தகம் நுழையாத வீடு அண்ணன் வீடுதான். "நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா நம்ம பையனுக்கு வேண்டாம், என்ன?" என்று அண்ணி மெதுவாகச் சொல்லிவிட்டாள். அவள் கோபப்படவில்லை. இறந்த பிள்ளைகளின் பாட்டு வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதோ என்ற அண்ணியின் பயம் அவளுக்குள்ளும் இருந்தது.

ஒருநாள் நூலகத்தில் அவளை உட்கார வைத்துப் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அறை சிரிப்பில் அதிர்ந்தது. அவளுக்கு மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு முகம் தெரிந்தது. முடிந்ததும் ஒரு பெண், மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அருகில் வந்தாள். சிறுமி கையை விடுவித்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள்.

"நான் டிரைவர் சம்சாரம்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "இவ அவன் போனதுக்கு அப்புறம் பொறந்தவ. படிப்பே ஏறலைன்னு பள்ளிக்கூடத்துல கைவிட்டுட்டாங்க. இந்தப் புத்தகத்தை வச்சுத்தான் எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டா. இப்ப கடைப் பலகை, பஸ் நம்பர், மருந்துச் சீட்டு எதையும் விடறதில்லை."

"அந்த ராசா அவன்தான்னு இவளுக்கு..." என்று அவள் இழுத்தாள்.

"தெரியாதுங்க. புத்தகத்தை முடிக்கட்டும், சொல்லிடலாம்னு பார்த்தேன். முடிக்கவே மாட்டேங்கறா. வாளிப் பாட்டு வந்ததும் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கறா."

சிறுமி திரும்பி வந்து, புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தாள். "அத்தை, இந்த ராசா அப்புறம் எங்க போனான்? அதை ஏன் எழுதல?"

இத்தனை பள்ளிகளில் யாரும் கேட்காத கேள்வி. அவள் சிறுமியின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாதான் குனிந்து, மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"அவன் நம்ம வீட்லதான்டி இருந்தான். வா, போற வழியில சொல்றேன்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். சிறுமி ஏதோ கேட்டுக்கொண்டே போனாள். தெருமுனையில் அம்மா நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சிறுமி பேச்சை நிறுத்தியிருந்தாள்.

அடுத்து நின்ற பையன் கையெழுத்துக்காகப் புத்தகத்தை நீட்டினான். அவள் போட்டுக் கொடுத்தாள். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பவளுக்கு, அவனிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.